வீடும் விதியும்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்” என்பது நம் நாட்டில் பிச்சைக்காரன் முதல் பிரபு வரை எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. கலியாணத்தைப் பற்றி எவ்வளவோ தடவை எழுதியாகிவிட்டது. ஆதலால் இந்த வாரம் வீட்டைப் பற்றிச் சிறிது எழுதலாம் என்று கருதுகிறோம்.

சொந்த வீடு இல்லாதவனைப் பார்த்து, “ஏனப்பா, இத்தனை வருஷம் உழைத்தும் ஒரு வீடு வாங்க முடியவில்லையா?” என்று கேட்டால், “என்ன செய்வது, என் விதி அவ்வளவுதான்” என்று நெற்றியைத் தொட்டுக் காட்டுகிறான். வீடு வாங்கினவனைக் கேட்டாலோ, “எல்லாம் பகவான் கொடுத்தது” என்று மேலே கையைக் காட்டுகிறான். நெற்றியிலே எழுத்து இருப்பதை ஒருவரும் படித்ததில்லை. மேலே ரிஜிஸ்தர் ஆபீஸ் இருப்பதையும் ஒருவரும் பார்த்ததில்லை. ஆனால் எல்லோரும் படிக்கக்கூடிய எழுத்து ஒன்று இருக்கிறது. அது கிரயப் பத்திரத்திலும், முனிசிபாலிட்டியின் சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது. அதற்கும் நம் பாஷையில் ‘விதி’ என்றுதான் பெயர். முதலில் சொன்ன விதியை ஆயுள் பூராவும் திட்டித் தீர்க்கிற மனிதன், இரண்டாவதாகச் சொன்ன விதியை ஒரு நாளாவது எடுத்துப் படிப்பதில்லை. நம் ஜனங்களுடைய கஷ்டத்தில் பெரும்பகுதி இந்த ஒரு சோம்பேறித்தனத்தால் வந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இதற்கு உதாரணமாக அமெரிக்காவில் நடந்து வரும் ஒரு சங்கதியை எடுத்துக் கொள்வோம். அது உலகத்திலேயே பெரிய பணக்கார தேசம் என்று சொல்லப்படுவது. அங்கேயும் அனேக ஊர்களில், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர், பஸ் ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பணிவிடை செய்கிற நர்ஸ் ஆகியவர்களுக்கு, தாங்கள் உழைக்கிற அதே ஊரில் ஒரு வீடு வாங்க யோக்கியதை இல்லை. இவர்கள் பரம ஏழைகள் அல்ல. ஆதலால் ஏழைகளுக்கென்று சர்க்கார் கொடுக்கும் உதவிகள் பலவும் இவர்களுக்குக் கிடையாது. பணக்காரரும் அல்ல, ஆதலால் கடைவீதி விலைக்கு வீடும் கிடையாது. இப்படி இரண்டு கதவும் சாத்தப்பட்ட நடுத்தர வருமானக் குடும்பங்களுக்காக ஏற்பட்டதுதான், பத்திரத்திலேயே விலை நிபந்தனை எழுதப்பட்ட வீடு.

நிபந்தனை வீடு என்பது என்ன?

ஒரு வட்டாரத்துக் குடும்பங்களையெல்லாம் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால், நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் எவ்வளவோ அதை அளவுகோலாக வைத்துக் கொள்கிறார்கள். நியூஜெர்ஸி மாகாணத்தில் அந்த அளவில் 100-க்கு 50-க்குள் இருந்தால் குறைந்த வருமானம்; 50-க்கு மேல் 80-க்குள் இருந்தால் மத்திய வருமானம். கலிபோர்னியாவில் 80 முதல் 120 வரை உள்ளதை மத்திய வருமானம் என்கிறார்கள். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து இந்த அளவு கூடவோ குறையவோ செய்யும்.

இப்படிப்பட்ட குடும்பம் கடன் வாங்கி மாதா மாதம் கட்டக்கூடிய விலை எதுவோ அந்த விலைக்கு ஒரு வீடு விற்கப்படுகிறது. அதற்குப் பதிலாகக் கிரயத்தோடு சேர்ந்து ஒரு நிபந்தனையும் ரிஜிஸ்தர் செய்யப்படுகிறது. வாங்கினவர் அந்த வீட்டில் தாமே குடியிருக்க வேண்டும். இஷ்டம் போல் வாடகைக்கு விடக்கூடாது. விற்கும்போது முன்கூட்டியே எழுதப்பட்ட கணக்குப்படி வரும் விலைக்கு மேல் விற்கக்கூடாது. அதையும் தம்மைப் போன்ற வருமானமுள்ள இன்னொரு குடும்பத்துக்கே விற்க வேண்டும். இந்த நிபந்தனை வாங்கினவரோடு போய்விடுவதில்லை. வீட்டோடு ஒட்டிக்கொண்டு, கை மாறினாலும் கூடவே போகும்.

பத்திரத்தின் பழைய வேலை

இதைக் கேட்டவுடன், “ஏழைக்கு விற்கிற வீட்டில் மாத்திரம் நிபந்தனையா? இது சுயமரியாதைக்குக் குறைவில்லையா?” என்று சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். ஏனெனில் அதே அமெரிக்காவில் பத்திர நிபந்தனை என்பது வெகு காலம் வரையில் மனிதனை மனிதன் இழிவுபடுத்தும் ஆயுதமாகவே இருந்து வந்திருக்கிறது.

செயின்ட் லூயி நகரத்தில் லபாடி அவென்யூ என்று ஒரு தெரு. அந்தத் தெருவாசிகளில் பெரும்பாலோர் 1911-ல் கூடி, கறுப்பரும் மங்கோலிய இனத்தாரும் 50 வருஷ காலத்துக்கு அங்கே குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தம் எழுதி ரிஜிஸ்தர் செய்தார்கள். 1945-ல் ஷெல்லி என்ற கறுப்புக் குடும்பத்தார் அத்தெருவில் ஒரு வீட்டை வாங்கிக் குடிபுகுந்தார்கள். ஒப்பந்தத்தைக் காட்டி அவர்களை வெளியேற்ற வழக்குத் தொடுக்கப்பட்டது. மாகாண சுப்ரீம் கோர்ட் ஒப்பந்தம் செல்லும் என்றது. 1948 மே 3-ந்தேதி தேசத்தின் சுப்ரீம் கோர்ட், இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை எந்தக் கோர்ட்டும் நிறைவேற்றித் தரக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஒன்பது ஜட்ஜுகளில் மூன்று பேர் அந்த வழக்கில் உட்காரவே இல்லை, காரணமும் சொல்லவில்லை. இத்தகைய பாகுபாட்டையே குற்றமாக்கும் சட்டம் வருவதற்கு 1968 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் சர்க்காருக்கும் பங்குண்டு. 1934-ல் ஏற்பட்ட வீட்டுக்கடன் இலாகா, எந்த வீட்டின் மீது கடன் கொடுப்பது பத்திரம் என்று பார்ப்பதற்கு எழுதி வைத்திருந்த கைப்புத்தகத்திலேயே இத்தகைய நிற நிபந்தனைகளைச் சிபார்சு செய்திருந்தது. இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. அக்கிரகாரம் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று ஊரையே கிழித்து வைத்திருந்தவர்கள் நாம். இன்றைக்கும் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முன்பணத்தைக் கேட்பதற்கு முன் “நீங்கள் என்ன ஆட்கள்?” என்று கேட்கிற வீட்டுக்காரர் இருக்கத்தான் செய்கிறார். அமெரிக்காக்காரன் அதைப் பத்திரத்தில் எழுதினான்; நம்மவன் எழுதாமலே நடத்தினான். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே நிபந்தனை என்ற சொல்லைக் கண்டு நாம் பயப்படவும் வேண்டியதில்லை. மகிழ்ந்து போகவும் வேண்டியதில்லை. அது யாரை வெளியே நிறுத்துகிறது, யாரை உள்ளே விடுகிறது என்று பார்க்க வேண்டும். பழைய நிபந்தனை பிறப்பைப் பார்த்துக் கதவைச் சாத்தியது. இப்போது நாம் பேசுகிற நிபந்தனை விலையைப் பிடித்து நிறுத்திக் கதவைத் திறந்து வைக்கிறது. இரண்டும் ஒரே இனத்துக் காகிதம்; எழுதின கை வேறு.

மவுண்ட் லாரல்

கதவு எப்படித் திறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏனெனில் அது தானாகத் திறக்கவில்லை.

நியூஜெர்ஸியில் மவுண்ட் லாரல் என்று ஒரு ஊர். எதெல் லாரன்ஸ் என்ற கறுப்பு அம்மையாரின் முன்னோர்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்து வந்தவர்கள். ஊருக்குப் புதிய பங்களாக்கள் வந்தன, விலை ஏறிற்று, பழைய குடிகளில் சிலர் கோழிக் கொட்டகையை மாற்றிக் குடியிருக்கும் நிலைமை ஏற்பட்டது. அவர்களுக்காக 36 குடித்தன வீடுகள் கட்ட உத்தரவு கேட்டார்கள். ஊராட்சி மறுத்துவிட்டது. 1970-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரின் மேயர் கறுப்பு மக்களுடைய மாதா கோவிலுக்கே வந்து, இந்த ஊரில் குடியிருக்க வசதியில்லாதவர்கள் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான் என்கிற கருத்தில் பேசினார்.

கேட்டுக் கொண்டிருந்தவர்கள், “கர்த்தருடைய சித்தம்” என்று எழுந்து போய்விடவில்லை என்பதுதான் விசேஷம். அவர்களுக்கு விரோதமாக இருந்தது மனை உபயோக விதி என்பதை அந்த அம்மையாரும் மற்றவர்களும் கண்டுகொண்டார்கள். ஒரு வீட்டுக்கு இவ்வளவு பெரிய மனை வேண்டும், அடுக்கு வீடு கட்டக்கூடாது என்று ஊராட்சி விதி எழுதிவிட்டால், ‘ஏழை உள்ளே வரக்கூடாது’ என்று தனியாகப் பலகை போட வேண்டிய அவசியம் ஏது? 1971-ல் வழக்குப் போட்டார்கள். 1975-ல் மாகாண சுப்ரீம் கோர்ட், வளர்ந்து வரும் ஒவ்வொரு ஊரும் குறைந்த வருமானக்காரருக்கும் மத்திய வருமானக்காரருக்கும் வேண்டிய வீடுகளில் தன் நியாயமான பங்கை ஏற்றாக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஊர்கள் ஏமாற்றின. 1983-ல் அதே கோர்ட் இன்னும் கடுமையாகச் சொல்லிற்று. 1985-ல் சட்டம் வந்தது.

சட்டம் வந்தும் பணக்கார ஊர்கள் சும்மா இருக்கவில்லை. தன் பங்கில் பாதி வரை பக்கத்து ஏழை நகரத்துக்குப் பணம் கொடுத்துத் தள்ளிவிடலாம் என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு சந்து வைத்திருந்தார்கள். பாவத்தைத் தான் செய்துவிட்டுப் பரிகாரத்தை மட்டும் இன்னொருவன் தலையில் கட்டுவது நம் புரோகிதர்களுக்கு மாத்திரம் தெரிந்த வித்தை என்று நினைத்திருந்தோம்! அந்தச் சந்து 2008-ல்தான் அடைக்கப்பட்டது. 2024-ல் புதிய சட்டம் செய்து, 2025 முதல் 10 வருஷத்துக்கு ஒவ்வொரு ஊரின் பங்கும் கணக்கிடப்பட்டு வருகிறது.

எதெல் லாரன்ஸ் அம்மையார் 1994-ல் காலமானார். அவர் பெயரால் அந்த ஊரில் எழுந்த குறைந்த வாடகை வீடுகளில் முதல் குடித்தனங்கள் வந்தது 2000-ம் ஆண்டில். முப்பது வருஷம்! ஆனால் அந்தத் தீர்ப்பினால் மாகாணம் பூராவும் வாடகைக்கும் கிரயத்துக்குமாக ஆயிரக்கணக்கான வீடுகள் ஏற்பட்டன. அங்கே கிரயத்துக்கு விற்கப்படும் அத்தகைய வீட்டின் மீது குறைந்தது 30 வருஷம் விலை நிபந்தனை இருக்க வேண்டும் என்பது இன்று விதி.

கணக்கு

இனி, “விற்க விரும்பும் விலைக்கு விற்க முடியாத வீடு சொந்த வீடாகுமா?” என்ற கேள்வியைக் கணக்குப் போட்டே பார்ப்போம். புரிவதற்காக நாம் போடும் உத்தேசக் கணக்கு இது.

கடைவீதியில் 4 லட்சம் டாலர் பெறுகிற வீடு ஒன்று, நிபந்தனையோடு 2 லட்சத்து 20 ஆயிரத்துக்குக் கிடைக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். வாங்குகிறவர் 100-க்கு 5 வீதம், அதாவது 11 ஆயிரம் டாலர் கையிலிருந்து போடுகிறார். மீதி 2 லட்சத்து 9 ஆயிரத்துக்கு 6 வட்டியில் 30 வருஷக் கடன். மாதத் தவணை சுமார் 1,250 டாலர். இதே வீட்டைக் கடைவீதி விலைக்கு இதே மாதிரி வாங்கினால் தவணை சுமார் 2,280 டாலர் ஆகும். வரியும் இன்ஷியூரன்ஸும் இரண்டுக்கும் தனி.

விலை வருஷத்துக்கு 100-க்கு 2 வீதம் ஏறலாம் என்று நிபந்தனை. பத்து வருஷம் கழித்து அவர் விற்கிறார். 44 ஆயிரம் கூடி 2 லட்சத்து 64 ஆயிரம் வருகிறது. கடனில் பாக்கி சுமார் 1 லட்சத்து 75 ஆயிரம். விற்பனைச் செலவு போவதற்கு முன் கையில் நிற்பது சுமார் 89 ஆயிரம் டாலர். போட்டது 11 ஆயிரமும் மாதத் தவணைகளுமே. வாடகை வீட்டில் பத்து வருஷம் இருந்திருந்தால் கையில் மிஞ்சுவது வாடகை ரசீதுக் கட்டு ஒன்றுதான்.

நிபந்தனை இல்லாமல் அதே வீட்டை அவருக்கு 2 லட்சத்து 20 ஆயிரத்துக்குக் கொடுத்திருந்தால்? பத்து வருஷத்தில் கடைவீதி விலை 6 லட்சம் ஆகியிருக்குமானால், அவ்வளவு விலைக்கும் விற்றுவிட்டு ஒரு குடும்பம் பணக்காரக் குடும்பமாகிவிடும். வாசற்படியில் காத்திருக்கிற அடுத்த குடும்பத்துக்கு வீடு இல்லை. நிபந்தனை இருந்தால் 6 லட்சம் பெறும் வீடு அந்த இரண்டாவது குடும்பத்துக்கு 2 லட்சத்து 64 ஆயிரத்துக்குக் கிடைக்கும். அதற்கப்புறம் மூன்றாவது குடும்பத்துக்கும் கிடைக்கும். முதல் குடும்பத்துக்கு விலையைக் குறைத்துக் கொடுத்தது எவருடைய தர்ம சிந்தனையுமல்ல. ஊராருடைய பொதுப் பணமும், ஊராருடைய பொது விதியுமே அதைக் குறைத்தன. ஊரார் போட்டதை ஒருவர் சுருட்டிக்கொண்டு போகாமல் ஊராருக்கே வைத்துப் போகச் சொல்வதில் என்ன இழிவு?

நிபந்தனைக் காலம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. வாஷிங்டன் நகரத்துக்குப் பக்கத்தில் மான்ட்கோமரி ஜில்லாவில், புதிதாக வீடு கட்டுகிறவர்கள் அதில் ஒரு பகுதியை மத்திய வருமானக்காரர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்ற திட்டம் 1974-ல் தொடங்கிற்று. முதலில் வைத்த காலம் 5 வருஷம். பிறகு 10 வருஷமாக்கினார்கள். காலம் முடிய முடிய வீடுகள் கடைவீதி விலைக்கே போய்விட்டன. ஒரு பக்கம் கட்டிக் கொண்டே, ஒரு பக்கம் இழந்து கொண்டிருப்பதை உணர்ந்து 2005 முதல் 30 வருஷமாக்கினார்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுத்த கதை அது.

தானமும் பத்திரமும்

இந்த விஷயத்தில் நம் நாட்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1951 முதல் வினோபா பாவே ஊர் ஊராக நடந்து பூமிதானம் கேட்டார். பிறகு கிராமதானம் என்று, கிராமத்து நிலம் கிராமத்தின் பொதுவில் இருக்கட்டும் என்றார். அந்த யோசனையைக் கவனித்தவர்களில் ராபர்ட் ஸ்வான் என்ற அமெரிக்கர் ஒருவர். அவரும் ஸ்லேட்டர் கிங், சார்லஸ் ஷெராட் முதலிய கறுப்பு மக்களின் உரிமைப் போராட்டக்காரர்களும் சேர்ந்து, 1969-ல் ஜார்ஜியா மாகாணத்தில் சுமார் 5,700 ஏக்கர் நிலத்தில் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்ற பொது நில அமைப்பை ஏற்படுத்தினார்கள். நிலம் பொதுவுக்கு, வீடு குடும்பத்துக்கு என்பது தத்துவம்.

இங்கே தானமாகக் கேட்டார்கள். கொடுத்தவர் மனம் மாறினால் கேட்டவருக்குப் பலம் இல்லை. அங்கே பத்திரமாக எழுதினார்கள். ஆனாலும் பத்திரம் மாத்திரம் போதவில்லை. பஞ்ச காலத்தில் சர்க்கார் கடன் கிடைக்காமல் 1985-ல் அந்த நிலம் கைவிட்டுப் போயிற்று. கடன் விஷயத்தில் நிற வேற்றுமை காட்டப்பட்டதற்காக 2009-ல் 1 கோடியே 20 லட்சம் டாலர் நஷ்டஈடு அவர்களுக்குக் கிடைத்தது. நிலம் போனாலும் முறை போகவில்லை. வெர்மான்ட் மாகாணத்தில் பர்லிங்டன் நகரத்தில் 1984-ல் நகரசபையின் ஆதரவோடு இதே மாதிரி நில டிரஸ்ட் ஏற்பட்டு இன்றும் நடந்து வருகிறது. அங்கே வீட்டை விற்கிறவர், போட்ட பணத்தோடு, ஏறின மதிப்பில் 100-க்கு 25 பங்கை எடுத்துக் கொள்கிறார். மற்றது வீட்டிலேயே தங்கி அடுத்தவருக்கு விலையைக் குறைக்கிறது. 2008-ஐ ஒட்டி அமெரிக்கா பூராவும் கடன் கட்ட முடியாமல் வீடுகள் ஏலம் போன காலத்தில், இத்தகைய நில டிரஸ்ட் வீடுகள் ஏலத்துக்குப் போன விகிதம் கடைவீதி வீடுகளின் விகிதத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே என்று 2010 முடிவில் எடுத்த கணக்குச் சொல்லிற்று.

ஆட்சேபணைகள்

“இப்படிப்பட்டவர்கள் குடி வந்தால் எங்கள் வீட்டு விலை இறங்கும், திருட்டுப் பெருகும்” என்பது அக்கம்பக்கத்தார் எப்போதும் பாடும் பாட்டு. மவுண்ட் லாரலிலும் பாடினார்கள். பிரின்ஸ்டன் சர்வகலாசாலையின் டக்ளஸ் மாஸி என்ற ஆசிரியரும் அவரது கூட்டாளிகளும் பல வருஷத்துக் கணக்கை எடுத்துப் பார்த்து 2013-ல் புஸ்தகம் வெளியிட்டார்கள். விலையும் இறங்கவில்லை, குற்றமும் பெருகவில்லை, வரியும் ஏறவில்லை என்று கண்டார்கள். பாட்டு மாத்திரம் நிற்கவில்லை.

ஆனால் வேறொரு ஆட்சேபணை இருக்கிறது. அதை நாம் அலட்சியமாகத் தள்ள மாட்டோம். “வெள்ளையர்கள் சர்க்கார் ஆதரவுள்ள கடனில் வீடு வாங்கி, விலை ஏற்றத்தையெல்லாம் தடையின்றி அனுபவித்து, பிள்ளைகளுக்குச் சொத்தும் வைத்தார்கள். எங்கள் முறை வந்தபோதுதானா உங்களுக்கு ‘லாபம் அளவோடு போதும்’ என்ற தத்துவ ஞானம் வந்தது?” என்று கறுப்பு மக்களில் சிலர் கேட்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. இதற்கு நாம் சொல்லும் பதில், நிபந்தனை வீட்டை ஏழைக்கு ஒரே வீடாக்கக்கூடாது என்பதும், கணக்கில் கஞ்சத்தனம் செய்யக்கூடாது என்பதுமாகும். கடைவீதி வீடு வாங்க வல்லவனை அதிலே போய்ச் சேரவிட வேண்டும். அதற்கு வழியில்லாதவனுக்கு, ஏதும் மிஞ்சாத வாடகையா, அளவோடு மிஞ்சுகிற சொந்த வீடா என்பதே கேள்வி.

தவிரவும், நிபந்தனை ஏழை வீட்டுக்கு மாத்திரம் என்று யார் சொன்னது? அமெரிக்காவில் பணக்காரர் குடியிருக்கும் அனேக மனைகளில் வேலியின் உயரத்துக்கும் சுவரின் வர்ணத்துக்குங்கூடப் பத்திரத்தில் நிபந்தனை உண்டு. அதற்குக் கௌரவம் என்று பெயர் வைத்து, இதற்கு இழிவு என்று பெயர் வைப்பதேன்?

குலுக்கல்

இத்திட்டத்தின் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. வீடு கொஞ்சம், கேட்பவர் ஏராளம். ஆதலால் பல இடங்களில் குலுக்கல் போடுகிறார்கள். ஆஸ்பென் என்ற பனிச்சறுக்கு ஊரில் கடைவீதி வீடு பல லட்சம் டாலர், சில சமயம் கோடிக் கணக்கிலும் போகிறது. அந்த வட்டாரத்தில் வருஷத்துக்கு 1,500 மணி நேரம் உழைக்கிறவர்களுக்கென்று நிபந்தனை வீடுகள் வைத்திருக்கிறார்கள். அவற்றின் விலை வருஷத்துக்கு 100-க்கு 3-க்கு மேல் ஏறாது. விற்பனைக்கு வரும் வீடுகளுக்குக் குலுக்கல்தான்.

குலுக்கலில் பெயர் வந்தவன் பிரார்த்தனை பலித்தது என்கிறான். வராதவன் அதிர்ஷ்டமில்லை என்கிறான். இரண்டு பேரும் பெட்டியையே பார்க்கிறார்கள். பெட்டியில் ஏன் பத்துச் சீட்டுக்கு மாத்திரம் வீடு இருக்கிறது, நூறுக்கு ஏன் இல்லை என்று கேட்பதில்லை. பதில் ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. அங்கே நூறு வீட்டுக்கு இடமிருந்தும் பத்து வீட்டுக்கே கை தூக்கினவர்களின் பெயர் தேதியோடு இருக்கிறது. அதிர்ஷ்டம் என்று சொல்லப்படுவதற்கு இவ்வளவு ஒழுங்கான நடவடிக்கைக் குறிப்பு வேறெங்கும் கிடையாது!

வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது

அமெரிக்காவில் இத்தகைய வீடு வாங்கப் போகும் நம்மவர்களும் இருக்கலாம்; அங்கே மக்களை வைத்திருக்கிற பெற்றோர் இதைப் படிக்கவும் கூடும். அவர்களுக்குச் சில வார்த்தைகள். நல்ல நாள் பார்ப்பதற்கு முன் பத்திரத்தைப் பாருங்கள்.

1. நிபந்தனைக் காலம் எவ்வளவு, அது எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும், விற்கும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்குமா என்று கேளுங்கள்.

2. விற்கும் விலைக் கணக்கு எதைப் பொறுத்தது? விலைவாசியையா, வட்டாரத்து வருமானத்தையா, மதிப்பு ஏற்றத்தில் பங்கையா? பத்து வருஷத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

3. அறை கூட்டினாலும் கூரை மாற்றினாலும் அந்தச் செலவு விலையில் சேருமா, அதற்கு முன் அனுமதி வேண்டுமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

4. சொத்து வரி நிபந்தனை விலைக்கா, கடைவீதி விலைக்கா? குடியிருப்போர் சங்கத்தின் மாதக் கட்டணம் ஏறுவதற்கு வரம்பு உண்டா? மலிவாக வாங்கின வீட்டிலிருந்து மனிதனை வெளியே தள்ளுவது அனேகமாக இந்த இரண்டும்தான்.

5. எல்லா பாங்கும் இத்தகைய வீட்டுக்குக் கடன் கொடுப்பதில்லை. கொடுக்கிற பாங்கு எது என்று முதலில் விசாரியுங்கள். மேற்கொண்டு கடன் வாங்குவதும் நிபந்தனை விலைக்கு உட்பட்டதே.

6. நீங்கள் காலமானால் வாரிசுக்கு வீடு நேரே போகுமா, வாரிசும் வருமானத் தகுதி காட்ட வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். அதையும் முன்பே படித்துவிடுங்கள்.

இவ்வளவும் திருப்தியாக இருந்தால் ராகு காலத்தில் கையெழுத்துப் போட்டாலும் கெடுதல் வராது. இவற்றில் ஒன்று கெட்டிருந்தால் எந்த முகூர்த்தமும் காப்பாற்றாது.

தோழர்களே! லபாடி அவென்யூவில் ஒரு குடும்பத்தை வெளியேற்ற எழுதப்பட்டதும் விதிதான். மவுண்ட் லாரலில் 36 வீடுகளைக் கட்டவிடாமல் தடுத்ததும் விதிதான். அந்த ஊருக்குள் ஏழைக்கு இடம் வாங்கிக் கொடுத்ததும் விதிதான். மூன்றும் மனிதன் எழுதினவை. முதல் இரண்டும் மனிதனாலேயே அழிக்கப்பட்டவை. ஆகையால் உங்கள் ஊரில் ஒருவர், “வீடு வாங்க எனக்கு விதியில்லை” என்று சொல்வாரானால், அந்த வார்த்தையை அப்படியே ஒப்புக்கொண்டு, “ஆம், விதியில்லை, எழுத வேண்டும். கை தூக்குகிற இடம் எது என்று பார்ப்போம், வாருங்கள்” என்று அவரைக் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள் என்பதே நமது வேண்டுகோள்.